அறுபத்தொண்ணாவது தோள்

இல்ல தம்பி, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க. நான் பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்துல இறங்கணும், உங்களுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு வழி அவ்வளவா தெரியாது, நிறுத்தம் வந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, புண்ணியமா போகும். என்னது? ஆமா, நேத்து பேப்பர்ல வந்தது நான்தான். படத்துல நடுவுல எல்லாரும் தூக்கி வெச்சிருக்க, சிரிச்சிக்கிட்டு இருக்கறவரு இல்ல. ஓரமா கதவைப் புடிச்சிக்கிட்டு, பாதி மூஞ்சி வெட்டுப்பட்டு ஒரு ஆளு நிக்குதே, அது. பாதி மூஞ்சியை வெச்சி எப்படிக் கண்டுபுடிச்சீங்க? என் வீட்டுக்காரிக்கே விரல் வெச்சிக் காட்ட வேண்டியிருந்துச்சு.

சட்டசபையில இடது கதவுக்காரன் நான். முப்பத்தொரு வருஷமா அதே கதவுதான். ஓட்டெடுப்புன்னா மணி அடிக்கும், ஆறு நிமிஷம் விடாம அடிக்கும். தீர்மானம் வேணுங்கறவங்க என் கதவு வழியா வெளிய வரணும், வேண்டாங்கறவங்க வலது கதவு வழியா வரணும். வர்றவங்க தோளை ஒவ்வொண்ணா தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா சொல்லுவேன். பக்கத்துல முக்காலி போட்டு எழுத்தர் உக்காந்திருப்பாரு, நான் சொல்லச் சொல்லக் கோடு போடுவாரு. மணி நின்னதும் கதவைச் சாத்திடணும். அவ்வளவுதான் வேலை. மெஷின் வாங்கலாம்னு ஒரு தடவை தீர்மானம் வந்துச்சு. அதையும் தோளைத் தொட்டுத்தான் எண்ணினோம். தோத்துப்போச்சு.

முகத்தைப் பாக்கக் கூடாதுங்க. அது ரொம்பப் பழைய விதி. தோளை மட்டும்தான் பாக்கணும். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் போனாருன்னு கதவுக்காரனுக்கு ஞாபகம் இருக்கக் கூடாதாம். இன்னொண்ணு, உறுப்பினர்கிட்ட நம்பரைத் தவிர வேற வார்த்தை பேசக் கூடாது. இன்னும் ஒண்ணு இருக்கு, சபை ஊழியனுக்கு ஓட்டு கிடையாது. ஊர் எலெக்‌ஷன், நாட்டு எலெக்‌ஷன், எதுலயும் கிடையாது. வேலைக்குச் சேரும்போதே எழுதிக் குடுத்துடணும், எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லைன்னு. எழுதிக் குடுத்தேன். நாள் ஆக ஆக அது உடம்புலயே ஊறிப்போச்சு. வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்தா, உப்பு போதுமான்னு கேப்பா வீட்டுக்காரி. உப்பு இருக்குன்னு சொல்லுவேன். ஒரு நாள் தட்டோட எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

படத்துல சிரிக்கற அந்த நடுபெஞ்சுக்காரரைப் பத்தித்தானே? அதுக்குத்தான் வர்றேன். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கடைசியா அவரு என் கதவு வழியா வந்தப்ப எப்படி வந்தாரு, வேகமா வந்தாரா, தயங்கினாரா, கண்ணு கலங்கியிருந்துச்சான்னு. நேத்து பால் வாங்கப் போன இடத்துல ஒரு அம்மா என் வலது கையை வாங்கித் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க. இந்தக் கைதானே அவரு தோளைத் தொட்டுச்சுன்னு. நான் என்ன பண்ண, நீட்டினேன்.

உங்க சட்டைப் பாக்கெட்டுக்கு மேல ரெண்டு ஊசி ஓட்டை தெரியுது தம்பி. நீல பேட்ஜுதானே? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, எனக்கு எந்தப் பேட்ஜும் ஒண்ணுதான். கழட்டிப் பையில வெச்சிட்டீங்க, நல்லதுதான், அந்தப் பக்கம் போறப்ப எதுக்கு. ரெண்டு நாடும் சேர வேண்டாங்கற கட்சி நீங்க. ஊர்வலமெல்லாம் போனீங்களா? பதினோரு மாசமுமா? அடேயப்பா. அப்புறம் இந்தப் பஸ்ல? ஓ. சம்சாரம் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்களா. அம்மா வீட்டுக்குப் போனவங்களா? குழந்தையும் அங்கேயா? நடக்க ஆரம்பிச்சிடுச்சா? நீங்க பாக்கவே இல்லையா இன்னும்? சரி சரி, இன்னும் ஒரு மணி நேரம்தான்.

அப்ப உங்களுக்கு நான் புரியவைக்க வேண்டியதே இல்ல. ஆத்தைத் தாண்டப் பாஸ் குடுக்கற அந்த ஆபீசுக்கு நீங்களும் நடையா நடந்திருப்பீங்க. ஆறாம் நம்பர் கவுன்ட்டர், கண்ணாடி போட்ட அம்மா. அவங்களேதான். என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. பழைய பாஸ் வருஷக் கடைசியோட முடிஞ்சது, புதுசு அடிக்கணும். ரெண்டு நாடும் சேந்துட்டா பாஸே தேவையில்ல. சேரலைன்னா பழையபடியே அடிச்சிக் குடுத்துடலாம். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் எதை அடிக்கறதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. நான் திரும்பி வந்துட்டேன். பதினாலு தடவை போனேன், பதினாலு தடவையும் நியாயமாத்தான் பேசினாங்க.

எனக்கு அக்கா. ஒரே அக்கா. இருபத்தி நாலு வயசுல வேலைக்குன்னு ஆத்தைத் தாண்டிப் போனவ, அங்கேயே இருந்துட்டா. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கற வேலை. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, நாள் பூரா அடுத்தவங்க பார்வையைச் சரி பண்றேன், வீட்டுக்கு வந்தும் பண்ணணுமான்னு கேப்பா. எட்டு மாசம் முன்னாடி வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. அறுத்து எடுத்துடலாம், பெரிய ஆபரேஷன், ஆனா ரத்த சொந்தம் ஒருத்தர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு ஆஸ்பத்திரியில விதி. பக்கத்து வீட்டம்மா போடறேன்னு வந்தாங்க, செல்லாதுன்னுட்டாங்க. கடை முதலாளி வந்தாரு, அவரும் செல்லல. அவளுக்கு ரத்த சொந்தம்னு இந்த உலகத்துல இருக்கறது நான் ஒருத்தன்தான். நான் ஆத்துக்கு இந்தப் பக்கம் கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன்.

நாடு இருந்த இருப்பு உங்களுக்குச் சொல்லணுமா. எங்க தெருவுல முடிவெட்டறவரு சேரணுங்கற மஞ்சள் கட்சி. வேண்டாங்கற நீலக் கட்சிக்காரங்களுக்கு எட்டு மாசமா முடி வளந்துக்கிட்டே இருந்துச்சு. மாடி வீட்டுல புருஷன் மஞ்சள், பொண்டாட்டி நீலம். துணி காயப்போடற கயித்துல நடுவுல ஒரு முடிச்சு போட்டு வெச்சிருந்தாங்க, இவரு துணி அந்த முடிச்சைத் தாண்டக் கூடாது. சபை வாசல்ல ரெண்டு கூட்டம், நடுவுல போலீஸ் கயிறு. கயித்தைப் புடிச்சிக்கிட்டு நின்ன கான்ஸ்டபிளை மஞ்சக்காரங்க நீலம்னு திட்டினாங்க, நீலக்காரங்க மஞ்சள்னு திட்டினாங்க. டீ விக்கறவரு மட்டும் ரெண்டு பக்கமும் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருந்தாரு. நான் உள்ள போகும்போது ரெண்டு பக்கமும், நீ எந்தப் பக்கம்னு கேப்பாங்க. இடது பக்கம்னு சொல்லுவேன், கதவைத்தான் சொல்றேன். அடிக்க வந்துட்டாங்க ஒரு தடவை.

உள்ள என்னன்னா, சபைத் தலைவரை விட்டுட்டு நூத்தி இருபத்தொரு பேர். அறுபது மஞ்சள், அறுபது நீலம், மிச்சம் ஒருத்தர் நம்ம நடுபெஞ்சுக்காரர். அவரு எந்தக் கட்சியும் இல்ல, தனியா ஜெயிச்சி வந்தவரு. மணி அடிச்சா எந்திரிச்சி பின்வழியா எங்கேயாவது போயிடுவாரு. யோசிச்சிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுவாரு. தலைவருக்கு ஓட்டு கிடையாது. சமமா வந்தா தீர்மானம் ஜெயிச்சதாவும் ஆகாது, தோத்ததாவும் ஆகாது, மறுபடி ஒரு நாள் எடுத்துக்கலாம்னு விதி. அதை எழுதினவரு யாருன்னு தெரியல, ரொம்ப நிதானமான ஆளா இருந்திருக்கணும்.

மொத ஓட்டெடுப்பு அறுபதுக்கு அறுபது. ரெண்டாவதும் அப்படியே. மூணாவதுக்கு ஒரு மஞ்சள் உறுப்பினரை ஸ்ட்ரெச்சர்ல வெச்சிக் கொண்டு வந்தாங்க, போர்வைக்கு மேலயே தோளைத் தேடித் தொட்டேன். நீலத்துல ஒரு அம்மா நிறைமாசம். வயித்துல இருக்கறதையும் சேத்து ரெண்டா எண்ணுங்கன்னு அவங்க கொறடா சண்டைக்கு நின்னாரு. வலது கதவுக்காரர் பொறுமையா சொன்னாரு, தோள் வெளிய தெரிஞ்சா எண்ணிக்கறேன்னு. நாலாவதுக்கு அந்தக் குழந்தை பொறந்து, அம்மா இடுப்புல உக்காந்துக்கிட்டு வந்துச்சு. அதுக்குத் தோள் தெரிஞ்சுச்சு, ஆனா வயசு பத்தல. மறுபடியும் அறுபது, அறுபது.

ஒவ்வொரு தடவையும் அக்கா ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடுவாங்க. போன் பண்ணுவா. என்ன ஆச்சும்பா. சமம்னு சொல்லுவேன். சரின்னு வெச்சிடுவா. அழறவ இல்ல அவ. ஒரு தடவை மட்டும் சொன்னா, சேரவே வேண்டாம்டா, சேந்தா உங்க ஊர் கூட்டம் பூரா இங்க வரும், எனக்கு பஸ்ல உக்கார இடம் கிடைக்காது. அப்பயும் ஒரு அபிப்பிராயம் சொல்லல பாருங்க, சொந்த அக்காகிட்ட.

போன வாரம் டாக்டரே போன்ல வந்தாரு. இந்த மாசத்துக்குள்ள வயித்தைத் திறக்கலைன்னா அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்லைங்கன்னாரு. மெதுவா, மரியாதையா சொன்னாரு. நான் போனை வெச்சிட்டு காலண்டர் பாத்தேன். அஞ்சாவது ஓட்டெடுப்பு புதன்கிழமை. அதோட சபையை மூணு மாசத்துக்கு மூடறாங்க.

யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. சொல்லலாம். அவசர பாஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு உறுப்பினர் கையெழுத்து இருந்தா குடுப்பாங்க. கவுன்ட்டர் அம்மாதான் சொன்னாங்க, உங்களுக்கென்ன, நீங்க அங்கேயேதானே இருக்கீங்கன்னு. அங்கேயேதான் இருக்கேன். அறுபது தோளைத் தொடறேன் தம்பி, ஒருத்தர்கிட்ட வாயைத் திறக்க முடியாது. திறந்தா அன்னைக்கே வேலை போயிடும், அதுகூடப் பரவால்ல, கதவுக்காரன் ஒரு கட்சிகிட்ட உதவி வாங்கிட்டான்னு சொல்லி ஓட்டெடுப்பையே செல்லாதுன்னுடுவாங்க. மறுபடி ஆறு மாசம். எனக்குத் தூக்கமே போயிடுச்சு. படுத்துக்கிட்டு நம்பர் எண்ணுவேன். அறுபதுல வந்து நின்னுடும்.

அப்பதான் சொல்றேன் உங்களுக்கு, முப்பத்தொரு வருஷத்துல மொத தடவையா எனக்கு ஒரு ஆத்திரம் வந்துச்சு. மஞ்சள் மேல இல்ல, நீலம் மேல இல்ல. அந்த நடுபெஞ்சுக்காரர் மேல. ஒரு மனுஷன் பதினோரு மாசம் அப்படி என்னத்தை யோசிப்பான்? ஒரு கதவு வழியா வெளிய வர்றதுக்கு? எந்தக் கதவா இருந்தா என்ன, ஏதாவது ஒண்ணுல வந்து தொலையேன்யா.

புதன்கிழமையா? சொல்றேன், நீங்க மொத வரிசையில கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னிருப்பீங்க, உள்ள நடந்தது உங்களுக்குத் தெரியாது. பதினொண்ணரைக்கு மணி அடிச்சுது. எல்லாரும் எந்திரிச்சாங்க. வரிசையா வந்தாங்க. எல்லாத் தோளும் எனக்கு அத்துப்படி. இறங்கின தோள், கோட்டுக்குள்ள பஞ்சு வெச்ச தோள், வேர்த்த தோள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொம்பது, அறுபது. வெளிய வந்தவங்க அப்படியே டீ இருக்கற பக்கம் போயிட்டாங்க. எழுத்தர் தலையைக் குனிஞ்சி கோட்டைப் பாத்துக்கிட்டு இருக்காரு. மணி இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்கு. உள்ள சபையே காலி. தலைவர் மட்டும் அந்தக் கோடியில மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்புறம் அறுபத்தொண்ணு. மணி நின்னுச்சு. கதவைச் சாத்தினேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். வலது கதவுல அறுபது. அறுபத்தொண்ணும் அறுபதும் நூத்தி இருபத்தொண்ணு, எண்ணிக்கை கச்சிதமா இருக்கு. நீலக் கொறடா கோவத்துல குதிச்சிக்கிட்டு வந்தாரு. தன் ஆளுங்களை மூணு தடவை எண்ணினாரு, அறுபது பேரும் அவருகிட்டயே நிக்கறாங்க. அப்ப போனது யாரு? நடுபெஞ்சுதான், வேற யாரு. மஞ்சக்காரங்க ஓடினாங்க தேடிக்கிட்டு. படிக்கற அறையில இருந்து தோள் மேல தூக்கிக்கிட்டு வந்தாங்க அவரை. அந்தப் படம்தான் பேப்பர்ல. கேமராவெல்லாம் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. கொஞ்ச நேரம் எல்லாரையும் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, மனசாட்சிப்படி நடந்தேன்னு. நீங்களும் டிவியில பாத்திருப்பீங்க. அவருக்கு ஒரு சிலை வெக்கலாமான்னு இப்ப பேச்சு. அதுக்கும் ஓட்டெடுப்பு இருக்கும்னு நெனைக்கறேன்.

என்கிட்ட பேசினாரா? பேசினாரு. எல்லாரும் போனப்புறம் கதவுகிட்ட வந்தாரு. சுத்தும் முத்தும் பாத்துட்டு, ரொம்ப மெதுவா கேட்டாரு. நான் வந்தேனா?

நான் முகத்தைப் பாக்கறதில்லைங்கன்னு சொன்னேன். எண்ணிக்கை சரியா இருக்குங்கன்னேன். அதையே நாலு தடவை தனக்குத் தானே சொல்லிப் பாத்தாரு. முகம் தெளிஞ்சிடுச்சு. நெனச்சேன், நானும் அப்படித்தான் நெனச்சேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாவம், படிக்கற அறையில ஷூவைக் கழட்டிட்டு, பேப்பரை முகத்துல போட்டுக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்த மனுஷன். மணி அடிச்சப்ப ஆரம்பிச்ச தூக்கம், தோள் மேல தூக்கினப்பதான் முழிச்சாராம்.

ஆமா தம்பி. அவரு வரல.

வேற யாரும் வரல. அறுபது பேரு போயிட்டாங்க, மணி அடிக்குது, என் கை மட்டும் அந்தரத்துல தூக்கினபடி இருக்கு. எங்கேயாவது வெச்சித்தானே ஆகணும். என் தோள்ல வெச்சேன். அறுபத்தொண்ணுன்னேன். எழுத்தர் கோடு போட்டுட்டாரு. பொய் சொல்லல பாருங்க, தோளைத் தொட்டுத்தான் சொன்னேன்.

கத்தாதீங்க, டிரைவர் திரும்பிப் பாக்கறாரு. போலீசுல சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். நாளைக்குச் சொல்லுங்க. இன்னைக்கு எனக்கு அங்க வேலை இருக்கு, உங்களுக்கும் உங்க குழந்தையைத் தூக்கற வேலை இருக்கு.

மஞ்சளா? நானா? அட, இல்லைங்க. நீங்க இன்னும் அதுலயே இருக்கீங்க. வேண்டாம்னு முடிவாகியிருந்தாலும் மறுநாளே பழைய பாஸ் அடிச்சிக் குடுத்திருப்பாங்க, இதே பஸ்ல இதே சீட்டுல நாம ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டு வந்திருப்போம். எனக்கு ஏதோ ஒண்ணு முடிவாகணும். வலது கதவுல நான் நின்னிருந்தா வலது பக்கம் அறுபத்தொண்ணு ஆகியிருக்கும், நேத்து நீங்க ஊர்வலத்துல ஆடியிருப்பீங்க. இடது கதவு எப்படி வந்துச்சுன்னா, நானும் வலது கதவுக்காரரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். அவரு சொன்னாரு, வலது கதவுக்கு மேல ஃபேன் இருக்கு, எனக்கு வேர்க்கும், நான் அங்க நின்னுக்கறேன்னு. எனக்கு ஃபேன் காத்து நேரா பட்டா சளி புடிக்கும். சரி நில்லுங்கன்னேன்.

அந்த வெள்ளைக் கட்டடம்தானே ஆஸ்பத்திரி? ஏன் தம்பி இப்படிப் பாக்கறீங்க, மேல இருக்கற என் பையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க. பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடணும், டாக்டர் காத்துக்கிட்டு இருப்பாரு.